பத்து விரல் பெரட்டு

காலையில் எழுந்ததும் நான் செய்யும் முதல் வேலை என் கால்விரல்களுக்குப் பெரட்டு எடுப்பது.

தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் ஆட்களைத் திடலில் கூட்டிப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று சொல்வோம். மலேசியாவில், கோப்பெங் ஊருக்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் அதை நான் செய்தேன். அங்கே நான் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் இல்லை, மரத்துக்கும் ஆளுக்கும் கணக்கு வைத்து வெளிவேலையை மேற்பார்வை பார்க்கிறவர். ஒரு மேசை, அதன்மேல் அரிக்கேன் விளக்கு, விளக்கின் கீழே ஆள் பெயர் எழுதிய செக்ரோல் புத்தகம். திடல் முழுவதும் பனி. ஒரு பெயரைக் கூப்பிடுவேன். பனிக்குள்ளிருந்து "இருக்கேன் சார்" என்று ஒரு குரல் வரும். பெயருக்கு நேரே ஒரு கோடு இழுப்பேன். நூற்று நாற்பத்திரண்டு பெயர், நூற்று நாற்பத்திரண்டு குரல். குரல் வராத இடத்தில் ஒரு வட்டம். தலையை நிமிர்த்த நேரம் இருக்காது. விளக்கு வெளிச்சம் மேசையைத் தாண்டிப் போகாததால் நிமிர்ந்தாலும் முக்காடு போட்ட நிழல்கள்தான் தெரியும். நிழல்களும் பனியும் சேர்ந்து அசைவதைப் பார்த்தால் திடலே மெல்ல நகர்ந்து போவது போல இருக்கும்.

எண்ணாமல் இருக்க என்னால் முடிவதில்லை. இப்போது நானும் மனைவியும் ஈப்போவில் இருக்கிறோம். வீட்டு வாசலிலிருந்து மூலைக் கடைக்கு இருநூற்றுப் பதினாறு எட்டு. படுக்கையறைச் சன்னலிலிருந்து சுண்ணாம்புக்கல் மலைகள் மூன்று தெரியும். மழை பெய்கிற காலையில் இரண்டுதான் தெரியும். மூன்றாவது எங்கே போனது என்று எனக்குக் கவலை வந்துவிடும். மழை விட்டதும் அது திரும்பி வந்து நிற்கும். அதைப் பார்க்காமல் நான் பசியாறுவதில்லை.

சர்க்கரை வியாதி வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. பாதம் மரத்துப் போக ஆரம்பித்து மூன்று வருடம். பஞ்சின்மேல் நடப்பது போல இருக்கும். வலி இல்லாத நடை சுகமாகக்கூட இருந்தது என்று சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். அரசாங்க கிளினிக்கில் இருந்த தாதி மூன்று காரியம் சொன்னாள். தினமும் கண்ணாடி வைத்துப் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். விரல்களைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். வெள்ளைக் காலுறை மட்டும் போட வேண்டும், சீழோ இரத்தமோ கசிந்தால் உடனே தெரியும்.

மூன்றையும் எழுதிக்கொண்டேன். செய்தது ஒன்றைத்தான். குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது என்பதால் கண்ணாடி வேண்டாம் என்று விட்டேன். வேலைக்குப் போன காலத்துக் கறுப்புக் காலுறை ஏழு ஜோடி பிரிக்காமலே அலமாரியில் இருந்ததால் வெள்ளையும் வேண்டாம் என்று விட்டேன். தொட்டுப் பார்ப்பது மட்டும் பிடித்திருந்தது. ஒரு காலைத் தூக்கி மற்ற முழங்கால்மேல் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வீட்டிலும் கழற்றாத காலுறைக்கு மேலேயே பென்சில் முனையால் ஒவ்வொரு விரலாகத் தொடுவேன். இடது பெருவிரலில் தொடங்கினால் வலது சுண்டுவிரல் பத்தாவது. தொட்டதும் எங்கோ தூரத்தில் மெலிதாக ஒரு உணர்வு வரும். பனிக்குள்ளிருந்து வருகிற குரல் போல இருக்கும். பத்தும் வந்துவிட்டால் அன்றைக்கு எனக்குக் கவலை இல்லை.

"நான் பாக்கறேங்க. எங்கிட்ட காட்டறதுக்கு என்னா?" என்று என் மனைவி கேட்பாள்.

"முப்பத்தொரு வருஷம் பெரட்டு எடுத்தவன் நான். பத்து விரல எண்ணத் தெரியாதா?" என்பேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

போன வருடம் பழைய தோட்டத்துக் கோவிலில் திருவிழா. ரப்பர் மரம் எல்லாம் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்டது. கோவிலும், கோவிலுக்குப் பின்னால் யாரும் வெட்ட மறந்துபோன பதினான்கு ரப்பர் மரங்களும் மட்டும் இருக்கின்றன. சாமி கும்பிட ஒருமுறை மரத்தடியில் கழற்றி மாட்டியதைத் தவிர, காலையிலிருந்து மாலை வரை அங்கே சப்பாத்துக் காலணியோடு சுற்றினேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு ரப்பர்க் கொட்டை உருண்டு விழுந்தது. வழவழப்பாக, பழுப்புப் புள்ளிகளோடு, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியதாக இருந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அந்த மரங்களே என்னைத் தேடி வந்து ஒன்றைக் கொடுத்தனுப்பியது போல இருந்தது. துடைத்து டெலிவிஷனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இவ்ளோ பெரிய கொட்ட. நாள் முழுக்க கால்ல குத்தலையா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லையே" என்றேன், ஏதோ சாதித்தவனைப் போல.

ஒன்பது நாள் கழித்து வீட்டில் எலி செத்த நாற்றம் வந்தது.

"என்னாங்க, எங்கியோ எலி செத்துக் கெடக்கு லா."

தேடினோம். குளிர்பெட்டியை நகர்த்தினோம். அரிசித் தொட்டிக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில், கூரைப் பலகைக்கு மேலே, பழைய பத்திரிகைக் கட்டுக்கு நடுவில், குளியலறைக் கால்வாயில் என்று ஐந்து இடம் பார்த்தாகிவிட்டது. பல்லியின் முட்டை நான்கு கிடைத்தது. எலி கிடைக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் கூடத்தில் நாறியது, அறையில் படுத்தால் அறையில் நாறியது. எனக்கு அது அவ்வளவு பெரிய நாற்றமாகவும் தோன்றவில்லை. மரத்தில் கட்டிய கோப்பையில் தங்கிக் காய்ந்து மழையில் ஊறிய ரப்பர்ப் பாலின், அதாவது கட்டிப்பாலின், வாடையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். அரைத்தூக்கத்தில் அந்த வாடை வரும்போது தோட்டத்து வீட்டில் படுத்திருப்பதாகவே நினைத்துக்கொள்வேன். உடம்பு கொஞ்சம் காய்ச்சலாகவும் இருந்தது. கூரையில் மழை விழுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்.

இரண்டாம் நாள் பிற்பகல் நான் சாய்வு நாற்காலியில் கிடக்க, மனைவி என் கால்மாட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"எலி உங்க பின்னாலயே வருது" என்றாள்.

எழுந்து வந்து என் வலது காலுறையை உருவினாள். அது ஈரமாக வந்தது. பிறகு சுவரில் இருந்த முகக்கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து காலடியில் பிடித்தாள். சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. வெறும் நிறம் மாறியதாகத் தெரியவில்லை, அது விரலாகவே இல்லை. கோப்பையில் மறந்துபோன கட்டிப்பால் போல இருந்தது. அதன் அடியிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்தது. பக்கத்துச் சதை சிவந்து வீங்கியிருந்தது. அன்று காலையில்தான் அதற்குப் பெரட்டு எடுத்திருந்தேன். பத்தும் குரல் கொடுத்தன.

மறுநாள் காலையில் ஈப்போவின் பெரிய ஆஸ்பத்திரி. ஆறு கட்டில் கொண்ட ஒரு பகுதியில் சன்னலோரக் கட்டில் எனக்குக் கிடைத்தது. என்னைப் பார்த்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண். என் மகள் என்று ஒருத்தி இருந்தால் அவளைவிட இளையவளாக இருப்பாள். ஒரு சின்னக் கருவியைக் கணுக்காலில் வைத்து ஒலியைக் கேட்டாள். உஷ், உஷ், உஷ் என்று கடற்கரையில் அலை வந்து போவது போல ஒலித்தது. இரத்தம் ஓடுகிற சத்தம் என்றாள். பாதம் வரைக்கும் ஓடுகிறது, நல்லது. சுண்டுவிரலுக்கு வந்தபோது அலை நின்றுவிட்டது.

"பாக்சிக்" என்று மலாய்க்காரர்கள் பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டு, மலாயில் மெதுவாக விளக்கினாள். விரல் அழுகிவிட்டது. செத்த சதை திரும்பி வராது. காய்ந்து கறுத்திருந்தால் பொறுத்துப் பார்க்கலாம், இது ஈரமாக அழுகி, கிருமி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கே விரலை எடுத்துச் சீழைக் கழுவிச் சுத்தம் செய்தால் பாதத்தைக் காப்பாற்றலாம். தாமதித்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும். அதற்கும் தாமதித்தால் உயிரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பிறகு நீலப் பேனாவால் என் பாதத்தின்மேல், சிவப்பு முடிகிற இடத்தில், சுற்றிலும் ஒரு கோடு வரைந்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் நேரம் எழுதினாள். காலை பதினொன்று பத்து.

"சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது" என்றாள்.

யோசிக்க வேண்டும் என்றேன். நரம்பில் மருந்து ஏற்றச் சொல்லிவிட்டு, சம்மதத் தாளை என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது, "முடிவு பண்ணப் போவது நான் இல்லை, பாக்சிக், அந்தக் கோடுதான்" என்றாள்.

ஆறு கட்டில்களுக்குப் பன்னிரண்டு பாதம் இருக்க வேண்டும். ஒன்பதுதான் இருந்தது. விரல்களை எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

பக்கத்துக் கட்டில்காரர் தெலுக் இந்தான் சந்தையில் மீன் விற்றவர். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"அண்ணே, கை எட்டுதா? என் கால கொஞ்சம் சொறிஞ்சி விடுங்க."

"எந்தக் கால்?"

"இல்லாத காலு லா. பெருவிரல் பயங்கரமா அரிக்குது. வெட்டி ஆறு நாளாச்சி, இன்னும் அதுக்கு யாரும் சொல்லல போல."

அவர் சிரித்ததில் கட்டில் ஆடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் என்ன எடுத்தார்கள் என்று கேட்டேன். முதலில் ஒரு விரல், பிறகு பாதி பாதம், பிறகு கால் என்றார். மூன்று தடவை. எனக்கு அது போதும். தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள், சர்க்கரைக் காலில் கத்தி ஒருமுறை பட்டால் அது மேலே ஏறிக்கொண்டே போகும் என்று. விரலைக் கொடுத்தால் பாதத்தைக் கேட்பார்கள், பாதத்தைக் கொடுத்தால் காலைக் கேட்பார்கள். கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டுப் போர்வையைக் காலின்மேல் இழுத்து விட்டுக்கொண்டேன். கோடு கண்ணில் படாமல் போனது.

மதியம் முழுவதும் காய்ச்சல். விசிறி சுற்றுவதை எண்ணினேன், எண்ணிக்கை கலைந்தது. சன்னலில் மழை கனத்து மலைகள் ஒவ்வொன்றாக அழிந்தன. பிறகு நான் திடலில் நின்றேன். விளக்கு எரிந்தது. எதிரே முக்காடு போட்ட பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள், எல்லோரும் ஒரு சாண் உயரம். பெயர் கூப்பிடக் கூப்பிட இருக்கேன் சார், இருக்கேன் சார் என்று வந்தது. பத்தாவது பெயருக்கு மெதுவாக ஒரு குரல் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். செக்ரோலில் கோடு இழுக்கப் போனேன். பென்சிலில் முனை இல்லை. விளக்கைத் தூக்கிப் பார்க்கலாம் என்று நினைத்தேன், கை வரவில்லை.

விழித்தபோது மனைவி கஞ்சிப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். மணி நான்கு தாண்டியிருந்தது.

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"வேணாம். விரல்ல இன்னும் உணர்ச்சி இருக்கு. உசிர் இருக்கறத எப்படி வெட்டச் சொல்றது?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலால் சுண்டுவிரலின் கட்டுத்துணிமேல் குத்தினேன். மெலிதாக அந்த உணர்வு வந்தது. "பாரு, இருக்கு."

அவள் என் கையிலிருந்து பென்சிலை வாங்கினாள். "கண்ணத் தொறக்காதீங்க. இப்ப எந்த வெரலு?"

"சுண்டுவிரல்."

"இப்ப?"

"அதேதான்."

"ரெண்டு தடவையும் நான் பக்கத்து வெரலத் தொட்டேன்" என்றாள். "இப்ப சுண்டுவெரலோட நுனியத் தொட்டுக்கிட்டே இருக்கேன். தெரியுதா?"

ஒன்றுமே தெரியவில்லை. நான் குத்தும்போதெல்லாம் சுண்டுவிரல் கட்டை போல நகர்ந்து பக்கத்து விரலை இடித்திருக்கிறது. கொஞ்சம் உணர்ச்சி மிச்சமிருந்த நான்காவது விரல், செத்துப்போன ஐந்தாவதுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்திருக்கிறது.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நாப்பத்தெட்டு வருஷமா சொல்லல. எங்க அக்காவுக்குப் புள்ள பொறந்து ஜன்னி கண்டு கெடந்தா இல்ல? வேலைக்கு வரலேன்னு பேர வெட்டிட்டா, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டக் காலி பண்ணணும். பதினேழு நாளு அவ பேருக்கு நான்தான் கொரல் கொடுத்தேன்."

அப்போது அவள் புல்வெட்டுக் கூட்டத்தில் இருந்தாள். எங்களுக்குள் அப்போது ஒன்றும் இல்லை. கண்டக்டர் புல்வெட்டுக்காரியைக் கட்டினான் என்று இரண்டு தோட்டம் பேசியது அதற்கு ஒரு வருடத்துக்குப் பிறகு.

"என் பேருக்கு ஒரக்க, அவ பேருக்கு மெதுவா. எங்க கூட்டத்த நடத்துன மண்டோருக்குத் தெரியும். சுத்தி நின்ன எல்லாத்துக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாது. பதினேழு நாள்ல ஒரு நாளு தலையத் தூக்கிப் பாத்தீங்களா?"

பக்கத்துக் கட்டிலில் சிரிப்புச் சத்தம். "அண்ணே, வசமா மாட்டிக்கிட்டீங்க. அண்ணி, நீங்க பயங்கர ஆளு லா."

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நானும் ஒண்ணு சொல்லிடறேன். மூணு தடவ வெட்டுனாங்கன்னு சொன்னேன் இல்ல? மொத தடவ வெரல எடுத்து, தெனம் கட்டுப் போட வரச் சொன்னாங்க. வேவாரம் போயிடும்னு நான் போகல. எலைய அரைச்சிக் கட்டிக்கிட்டு ஈரத்துலயே நின்னு மீன் வெட்டுனேன். அடுத்த தடவயும் அதேதான். கத்தி தானா மேல ஏறல அண்ணே. நான்தான் ஏத்தி விட்டேன்."

மனைவி போர்வையை விலக்கினாள். "இப்பவாவது கண்ணத் தொறந்து பாருங்க."

பார்த்தேன். நீலக் கோடு அப்படியே இருந்தது. சிவப்பு அதைத் தாண்டிக் கணுக்காலை நோக்கி வந்திருந்தது. விரலை வைத்து அளந்தேன். இரண்டு விரற்கடை. சுவர்க்கடிகாரத்தில் நான்கு இருபது. ஐந்து மணி நேரம் பத்து நிமிடத்தில் இரண்டு விரற்கடை என்றால் முழங்காலுக்கு எத்தனை மணி நேரம் என்று மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கியது. கணக்கை முடிக்க நான் விடவில்லை. தாதியைக் கூப்பிட்டேன். தாளில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மாலை ஆறரைக்குக் கொண்டுபோனார்கள். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். கூரையில் எட்டு விளக்குகள், ஒன்று இமைத்துக்கொண்டே இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாகப் பேசினார்கள், யாரோ ஒருவருடைய காலைப் பற்றி. தூரத்தில் மழை பெய்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் எண்ணாமல் இருந்ததில்லை.

சுண்டுவிரலோடு, அதற்குப் பின்னால் பாதத்துக்குள் இருந்த எலும்பில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். புண்ணைத் தைத்து மூடவில்லை. மூடினால் உள்ளே சீழ் தங்கும் என்று திறந்தே விட்டார்கள். நான்காவது விரல் இரண்டு நாள் இழுபறியில் இருந்தது. பிறகு டாக்டர் கருவியை வைத்து, "அலை இருக்கிறது" என்றாள். பொய்க் குரல் கொடுத்தவன் தப்பித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு கட்டு. தினமும் உப்புநீரால் கழுவி, நனைத்த துணியைக் குழிக்குள் வைத்துக் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் பதிமூன்று கட்டு, கிளினிக்கில் நாற்பத்தாறு. ஒன்றைக்கூட நான் விடவில்லை. குழி ஆழம் குறைந்து, சிவந்த சதை கீழேயிருந்து மேலே வந்தது. தாதி அதைப் பார்த்து நல்ல நிறம் என்று சொன்ன அன்று நான் வீட்டுக்கு வந்து இரண்டு தோசை அதிகம் கேட்டேன். மனைவி ஒன்று கொடுத்தாள்.

இப்போது அலமாரியில் எட்டு ஜோடி வெள்ளைக் காலுறை இருக்கிறது. கறுப்பு ஏழையும் அவள் எங்கோ கொடுத்துவிட்டாள். சப்பாத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்து மூன்று தடவை தட்டுகிறேன். ரப்பர்க் கொட்டை டெலிவிஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் கண்டால் எனக்கு இன்னும் பிரியம்தான் என்பதை மனைவியிடம் சொல்வதில்லை.

பெரட்டை இப்போது அவள்தான் எடுக்கிறாள். காலையில் முக்காலி போட்டு என் எதிரே உட்கார்ந்து, முகக்கண்ணாடியைப் பாதத்தின் அடியில் பிடிக்கிறாள். சன்னலுக்கு வெளியே பனி மலைகளை விட்டு மெல்ல எழும்புகிறது. அவள் ஒவ்வொரு விரலாக விரித்துக் காட்ட, நான் கண்ணாடியில் பார்த்துச் சொல்ல வேண்டும். பத்தாவது இடத்துக்கு வரும்போது எனக்கு ஒன்று நடக்கிறது. அங்கே ஒரு விரல் இருக்கிறது. அது மடங்குகிறது, குளிர்கிறது, சில நாள் அரிக்கக்கூடச் செய்கிறது. உயிரோடு இருந்த கடைசி இரண்டு வருடமும் மரத்துக் கிடந்தது, போன பிறகு தெளிவாகக் குரல் கொடுக்கிறது.

இன்று காலையும் அப்படித்தான். "இருக்கு" என்றேன்.

அவள் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினாள். "கொரல் எனக்கு வேணாம். ஆளக் காட்டுங்க."

கண்ணாடியில் பார்த்தேன். பாதத்தின் ஓரத்தில் வெளிர் நிறத்தில் ஒரு தழும்பு, சுருக்கமில்லாமல், காய்ந்து, சுத்தமாக இருந்தது.

"வரல" என்றேன்.

"அவ்ளோதான்" என்று சொல்லி, அவள் வெள்ளைக் காலுறையைச் சுருட்டி என் காலில் மாட்டத் தொடங்கினாள். மலைகள் மூன்றும் வந்துவிட்டனவா என்று நான் சன்னலைப் பார்த்தேன். இரண்டு தெரிந்தன.